கெர்னலுக்கு நான் யார்

கருவிகளைப் பற்றிய எழுத்து தமிழில் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகிறது. விலையும் கேமராவின் திறனும் சொல்லிக் கடைக்கு ஆள் சேர்ப்பது ஒன்று. கருவி மனிதனை விழுங்கிவிட்டது என்று புலம்புவது மற்றது. இரண்டு தரப்பாரும் ஒரு விஷயத்தில் ஒற்றுமையாக இருக்கிறார்கள்: கருவி உள்ளே எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளும் அவசியம் இருவருக்குமே ஏற்படுவதில்லை. முதலாமவர் அதை விற்க வேண்டும், இரண்டாமவர் அதைச் சபிக்க வேண்டும். இரண்டு காரியத்துக்கும் அறியாமை இடைஞ்சலாக இருப்பதில்லை.

நான் ஆண்ட்ராய்ட் போனின் கெர்னல், கஸ்டம் ரோம் ஆகியவற்றோடு சில வருஷங்களாகப் பழகி வருகிறேன். இது என் தொழில் அல்ல. 2018இல் வாங்கிய போனுக்கு, அதைச் செய்த கம்பெனி 2020க்குப் பிறகு எந்தத் திருத்தமும் அனுப்பவில்லை. போன் நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ஆனால் அது முடிந்துபோன பொருள் என்று எங்கோ முடிவு செய்தாகிவிட்டது. ஒரு பொருளின் மரணத்தை, அதை வைத்திருப்பவனைக் கேட்காமல் வேறொருவர் அறிவிக்க முடியும் என்றால், அந்தப் பொருள் யாருடையது? இந்தக் கேள்விதான் என்னை உள்ளே இழுத்தது. பிரதி, வாசகன், உரிமை என்று நாம் பேசிப் பேசித் தேய்த்துவிட்ட வார்த்தைகளுக்கு அங்கே ஸ்தூலமான அர்த்தம் இருப்பதைப் பிறகு பார்த்தேன்.

முதலில் பெயர்கள். ரோம் என்பது படிக்க மட்டுமே முடிகிற, எழுத முடியாத நினைவகத்தைக் குறித்த சொல். கஸ்டம் ரோம் என்று இன்று சொல்லப்படுவது இதற்கு நேர் எதிரானது: போனோடு வந்த அமைப்பை அழித்துவிட்டு அதன் இடத்தில் எழுதப்படும் இன்னொரு அமைப்பு. அது குடியேறுவது ஃபிளாஷ் நினைவகத்தில். 1980களில் ஜப்பானின் தோஷிபா கம்பெனியில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய வகை அது. அழித்து அழித்து எழுதப்படுவதே அதன் குணம். எழுத முடியாதது என்கிற பெயர், திரும்பத் திரும்ப எழுதப்படுகிற ஒன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் பிழைதான். ஆனாலும், கம்பெனி எழுதி முத்திரை வைத்துக் கொடுத்ததை நாம் படிக்க மட்டுமே செய்யலாம் என்கிற பழைய ஏற்பாடு அந்தப் பிழைக்குள் மிச்சமிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அசல் ரோம் ஒன்றும் போனுக்குள் இருக்கத்தான் செய்கிறது. பிராசஸர் சிப் தயாராகும்போதே அதற்குள் பதிக்கப்படும் சிறு நிரல் அது. மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழிப்பதும் அதுவே. அது பூட்லோடரைச் சரிபார்த்து எழுப்புகிறது. பூட்லோடர் கெர்னலைச் சரிபார்த்து எழுப்புகிறது. கெர்னல் 'இனிட்' என்கிற முதல் நிரலைத் தொடங்கிவைக்கிறது. அதிலிருந்து 'ஸைகோட்' பிறக்கிறது. உயிரியலில் கருவுற்ற முட்டைக்கு உள்ள பெயர். நாம் விரலால் தொட்டுத் திறக்கிற ஒவ்வொரு செயலியும் இந்த ஸைகோட்டிலிருந்து கிளைத்ததுதான். கஸ்டம் ரோம் போடுகிறவர் இந்தச் சங்கிலியின் நடுவிலிருந்து மேலே உள்ள கண்ணிகளை மாற்றுகிறார். அடியில் இருக்கும் அசல் ரோம், செய்தவனே நினைத்தாலும் மாற்ற முடியாதபடி உறைந்து கிடக்கிறது.

கெர்னல் வேறு, ரோம் வேறு. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். திரையில் தெரியும் முகப்பு, செட்டிங்ஸ், செயலிகள் இயங்கத் தேவையான துணை நிரல்கள், இவற்றோடு ஒரு கெர்னலும் சேர்ந்த மொத்தத் தொகுப்புதான் ரோம். கெர்னல் இவை எல்லாவற்றுக்கும் கீழே, சிப்புக்கும் மற்ற நிரல்களுக்கும் இடையில் இருப்பது. எந்தச் செயலியும் கேமராவை நேராகத் தொடுவதில்லை. கடைசியில் எல்லாம் கெர்னலின் வாசலில் வந்து கேட்டுத்தான் பெறவேண்டும். நினைவகத்தில் இடம் வேண்டுமென்றாலும் அங்கேதான் கேட்க வேண்டும். நூறு காரியங்கள் ஒரே நேரத்தில் நடப்பதாக நமக்குத் தோன்றுவது, யாருக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று கெர்னல் ஓயாமல் பங்கிட்டுக்கொண்டிருப்பதால். பிராசஸர் என்ன வேகத்தில் ஓட வேண்டும் என்பதைக் 'கவர்னர்' என்கிற பகுதி தீர்மானிக்கிறது. போன் சட்டைப்பையில் உண்மையிலேயே தூங்குகிறதா, தூங்குவதாகப் பாவனை செய்துகொண்டு பாட்டரியைத் தின்கிறதா என்பதும் இங்கேதான் முடிவாகிறது. ரோமை அப்படியே வைத்துக்கொண்டு கெர்னலை மட்டும் மாற்றுகிறவர்கள் உண்டு. முகம் அதேதான், மூச்சு விடும் விதம் மாறிவிடும்.

இந்தக் கெர்னலின் பூர்வீகம் யூனிக்ஸ். 1969இல் பெல் லாப்ஸில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கியது. அன்று ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்துவிடக் கூடாது. ஆகவே ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு எண். எல்லாவற்றையும் செய்ய அதிகாரம் கொண்டவருக்கு எண் பூஜ்யம், பெயர் ரூட். ஆண்ட்ராய்ட் இந்த ஏற்பாட்டை எடுத்து ஒரு விசித்திரமான காரியம் செய்தது. போனை வைத்திருப்பது ஒரே ஆள். அப்படியானால் எண்கள் யாருக்கு? செயலிகளுக்கு. நாம் போனில் போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு செயலியும் கெர்னலின் பார்வையில் ஒரு தனி நபர். 10000த்திலிருந்து தொடங்கி ஆளுக்கொரு எண். பஸ் டிக்கெட் எடுக்கும் செயலி ஒரு ஆள், பாட்டுக் கேட்கும் செயலி இன்னொரு ஆள், டார்ச் விளக்கு ஒரு ஆள். ஒருவர் அறையில் இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாது. பாதுகாப்பு என்கிற அளவில் வெகு புத்திசாலித்தனமான யோசனை, சந்தேகமில்லை.

ஆனால் அந்தப் பட்டியலை முதல் தடவையாகத் திரையில் வரவழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதில் போனை வைத்திருப்பவனுக்கென்று ஒரு எண் இல்லை என்பது உறைத்தது. விலை கொடுத்தவன் நான். டார்ச் விளக்குக்கு எண் இருக்கிறது, எனக்கு இல்லை. பூஜ்யம் என்கிற எண் காலியாகத் தெரிந்தாலும் அதில் உட்கார எனக்கு அனுமதி கிடையாது. கெர்னலைப் பொறுத்தவரை நான் கண்ணாடியில் படுகிற ஒரு ஸ்பரிசம். இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் என்று பதிவாகிற ஒரு வரி. காஃப்காவை இங்கே இழுக்க ஆசை வருகிறது. வேண்டாம். காஃப்காவின் ஆட்களுக்குத் தாங்கள் எங்கோ ஒரு பதிவேட்டில் இருக்கிறோம் என்கிற பயமாவது மிஞ்சியிருந்தது.

இதில் பெரிய முரண் என்னவென்றால், இப்படி என்னை எண்ணாமல் விட்ட கெர்னல் ரகசியப் பொருளே அல்ல. லினக்ஸ் என்கிற அந்தக் கெர்னலை 1991இல் ஹெல்ஸிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டார். 1992இல் அதை ஜி.பி.எல். என்னும் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். அந்த உரிமம் ரிச்சர்ட் ஸ்டால்மனுடையது. எம்.ஐ.டி.யில் தான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு வந்த லேஸர் பிரின்டரின் மூல நிரலைக் கேட்டு, ரகசிய ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி மறுக்கப்பட்டதைத் தன் பாதையின் தொடக்கங்களில் ஒன்றாக அவர் சொல்லியிருக்கிறார். உரிமத்தின் சாரம் இது: எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய், ஆனால் உன்னிடமிருந்து பெறுகிறவனுக்கு மூலத்தையும் கொடு, உனக்குக் கிடைத்த உரிமை அவனுக்கும் கிடைக்க வேண்டும். 2004இல் ஜெர்மனியில், ஹாரால்ட் வெல்ட்டே தொடுத்த வழக்கில், ம்யூனிக் நீதிமன்றம் இந்த உரிமம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஆண்ட்ராய்ட் போன் விற்கிற கம்பெனி தன் கெர்னலின் மூலத்தைக் கொடுத்தாக வேண்டும்.

கொடுத்ததை நான் படித்தேன். முழுவதும் அல்ல. கோடியைத் தாண்டிய வரிகள் அவை. என் போனின் தொடுதிரை, பாட்டரி சம்பந்தப்பட்ட சில கோப்புகள் மட்டும். லினக்ஸின் பொது மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. பொது மூலத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். இந்த வரி ஏன் இங்கே, எந்தச் சிப்பின் எந்தக் கோளாறைச் சமாளிக்க என்று ஓரக்குறிப்புகள் இருக்கின்றன. 2004 முதல் ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் அதைச் செய்தவர், இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று தன் பெயரைக் கையெழுத்தாக இடுகிறார். ஆசிரியன் செத்துவிட்டான் என்று நாம் இங்கே சண்டையிட்டுக்கொண்டிருந்தோம். அதன் பிறகு, ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வரிக்கு வரி பெயரிட்டு வளர்க்கும் ஒரு பிரதி உலகில் உருவாகியிருக்கிறது. பாடபேதங்களின் வரலாறு இவ்வளவு துல்லியமாகக் காப்பாற்றப்பட்ட இலக்கியப் பிரதி எதையும் நான் பார்த்ததில்லை.

என் போன் கம்பெனி கொடுத்த மூலத்தில் இந்த வரலாறு கிடையாது. எல்லாம் ஒரே மூட்டை. எது லினக்ஸிலிருந்து வந்தது, எதைச் சிப் கம்பெனி சேர்த்தது, எதைப் போன் கம்பெனி மாற்றியது, ஏன் மாற்றியது என்று சொல்ல ஆளில்லை. சட்டத்தின் எழுத்து நிறைவேறியிருக்கிறது. படிக்கக் கூடியதாகக் கொடுப்பதும் படிக்கக் கொடுப்பதும் வேறு வேறு என்பது ஏட்டுச்சுவடி பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கெர்னலுக்கு மேலே போனால் நிலைமை இன்னும் மோசம். ஆண்ட்ராய்ட் 2003இல் தனிக் கம்பெனியாகத் தொடங்கி 2005இல் கூகுளின் கைக்குப் போனது. முதல் போனான ஹெச்.டி.ஸி. ட்ரீம் 2008இல் வந்தது. கெர்னலை லினக்ஸிலிருந்து எடுத்துக்கொண்டு, மேலே உள்ளதில் பெரும்பகுதியை அபாச்சி உரிமத்தில் வைத்தார்கள். அபாச்சி உரிமம், மாற்றியதைத் திருப்பிக் கொடு என்று யாரையும் வற்புறுத்துவதில்லை. கேமரா, கைரேகை, படம் வரையும் பகுதி ஆகியவற்றின் சூட்சுமத்தைக் கெர்னலுக்கு வெளியே, மூடிய பைனரிகளாக வைத்துக்கொள்ள இது வசதி செய்தது. கெர்னலுக்குள் மிஞ்சுவது ஒரு சிறு வாசல் மட்டுமே. இந்த மூடிய துண்டுகளுக்குப் 'பிளாப்' என்று பெயர். கஸ்டம் ரோம் செய்கிறவர் அவற்றைக் கம்பெனியின் ரோமிலிருந்து பெயர்த்தெடுத்துத் தன் ரோமில் பதிக்கிறார். திருத்த முடியாது, படிக்கவும் முடியாது, இல்லாமல் கேமரா திறக்காது. மோடம் என்கிற பகுதியிலோ தனியாக இன்னொரு அமைப்பே ஓடுகிறது. கஸ்டம் ரோம் அதைத் தொடுவதில்லை. சுதந்திரமான ரோம் என்று கொண்டாடப்படுவதற்குள் மூடிய அறைகள் பல. இதை மறைத்துப் பேசும் ஆர்வலர்களிடம் எனக்கு மரியாதை இல்லை.

கஸ்டம் ரோமின் சரித்திரமும் புனிதக் கதை அல்ல. 2009இல் ஸ்டீவ் கோண்டிக், ஸயனோஜன் என்கிற புனைபெயரில், ஹெச்.டி.ஸி. ட்ரீமுக்காக ஸயனோஜன்மாட் என்ற ரோமைச் செய்தார். அந்த வருஷமே கூகுளிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது: ஜிமெயில் போன்ற கூகுளின் சொந்தச் செயலிகளை ரோமோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. ஆண்ட்ராய்ட் திறந்தது, ஆனால் ஆண்ட்ராய்ட் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பாகம் திறந்தது அல்ல என்பது அன்று வெளிச்சமாயிற்று. 2013இல் ஸயனோஜன் கம்பெனியாக மாறியது. அபத்தத்தின் உச்சம் இந்தியாவில் நடந்தது. 2014இல் ஸயனோஜனின் ரோமோடு ஒன்ப்ளஸ் ஒன் வந்தது. அதே ரோமை இந்தியாவில் பயன்படுத்தும் தனி உரிமை மைக்ரோமாக்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. மைக்ரோமாக்ஸ் வழக்குப் போட, டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் இங்கே ஒன்ப்ளஸ் விற்பனைக்குத் தடை விதித்தது. சில நாட்களில் மேல் பெஞ்ச் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பிறந்த ஒன்றின் மேல், இந்த தேசத்தில் எனக்கு மட்டும் என்று வழக்கு!

2016 டிசம்பரில் அந்தக் கம்பெனி ரோம் வேலையைக் கைவிட்டது. மூலம் பொதுவில் இருந்ததால் அதே மாதம் லினியேஜ் ஓ.எஸ். என்று வேறு பெயரில் அது தொடர்ந்தது. இதைப் புரிந்துகொள்ள சிறுபத்திரிகைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பத்திரிகை நின்றுவிடும். பெயர் ஒருவரிடம் மாட்டிக்கொள்ளும். அதே ஆட்கள், அதே சண்டைகளோடு, வேறு பெயரில் அடுத்த இதழைக் கொண்டுவருவார்கள்.

என் போனில் இருந்தது 4.4 என்கிற எண் கொண்ட கெர்னல். அது 2016 ஜனவரியில் வெளியானது. 2022 பிப்ரவரியோடு லினக்ஸ்காரர்கள் அதைப் பராமரிப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் ரோமைப் புதிய ஆண்ட்ராய்டாக மாற்றினேன், கெர்னல் 4.4 ஆகவே நின்றது. பிளாப்கள் அந்தக் கெர்னலோடு மட்டும் பேசப் பழகியவை என்பது காரணம். கெர்னலைத் தூக்கினால் கேமராவும் போய்விடும். ஆக, மேல்மாடி எவ்வளவு புதிதானாலும் அஸ்திவாரத்தின் வயதைத் தாண்டி வெகுதூரம் போக முடியாது. ஆண்ட்ராய்ட் 12 வந்தபோது நெட்வொர்க் சம்பந்தமான வேலைகளுக்கு இ.பி.பி.எஃப். என்கிற கெர்னல் வசதி தேவையாயிற்று. அது இல்லாத பழைய கெர்னல்கள் கொண்ட பல போன்கள் லினியேஜின் பட்டியலிலிருந்து உதிர்ந்தன. என் போன் உதிராமல் இருந்ததற்கு, முகம் தெரியாத ஒருவர் அந்த வசதியைப் புதிய கெர்னலிலிருந்து பழையதற்குப் பின்னோக்கிக் கொண்டுவந்து ஒட்டியது காரணம். 2022க்குப் பிறகான ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தேன். லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் 2016இல் தொடங்கிய ஸிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. மின் நிலையம், ரயில்வே மாதிரி பத்துப் பதினைந்து வருஷத்தில் தூக்கி எறிய முடியாத இயந்திரங்களுக்காகப் பழைய கெர்னல்களைப் பராமரிப்பது அதன் வேலை. அங்கிருந்து ரோம்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ரயிலுக்காகச் செய்த தையல் என் சட்டைப்பைக்கும் ஆகியிருக்கிறது. செய்தவன் கைவிட்ட ஒன்றை யாரோ நாலு பேர் சம்பளமில்லாமல் தூக்கி நிறுத்துகிற காரியம் எந்த வியாபாரக் கணக்கிலும் வராது. அது நடந்துகொண்டிருக்கிறது.

இனி பூட்டு. படிக்க உரிமை உண்டு, மாற்ற உரிமை உண்டு என்று சொல்கிற கெர்னல், எப்படி ஒரு பூட்டிய பெட்டிக்குள் இருக்க முடிகிறது? இதற்குப் போனைவிட மூத்த ஒரு சண்டைக்குப் போக வேண்டும். 1999இல் அமெரிக்காவில் டீவோ என்கிற பெட்டி விற்பனைக்கு வந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து தரும். உள்ளே லினக்ஸ். மூலத்தை ஒழுங்காகக் கொடுத்தார்கள். ஆனால் ஒருவர் அதை மாற்றி அதே பெட்டிக்குள் வைத்தால் பெட்டி அதை ஓட்டாது. கம்பெனியின் கையொப்பம் இல்லாத நிரலை மறுக்கும்படி வன்பொருளைச் செய்திருந்தார்கள். ஸ்டால்மன் இதில் துரோகத்தைப் பார்த்தார். 2007 ஜூனில் வந்த ஜி.பி.எல்.லின் மூன்றாம் பதிப்பு, வீட்டு உபயோகப் பொருள்களில், மாற்றிய நிரலை நிறுவி ஓட்டத் தேவையானதையும் சேர்த்துக் கொடு என்றது. டோர்வால்ட்ஸ் இதை ஏற்கவில்லை. என் உரிமம் மென்பொருளோடு நின்றுவிடும், தன் பெட்டியை எப்படிச் செய்வது என்பது பெட்டி செய்கிறவனின் விவகாரம் என்பது அவர் கட்சி. லினக்ஸ் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. பூட்லோடர் பூட்டு சட்டத்தில் நுழைந்த வழி இதுதான்.

டோர்வால்ட்ஸின் நிலை கௌரவமானது. நான் எழுதினேன், கொடுத்தேன், என்னிடம் திருத்தத்தைத் திருப்பிக் கொடு, அதற்கு மேல் உன் வாழ்க்கையை ஒழுங்கு செய்ய எனக்கு விருப்பமில்லை என்கிற ஒரு படைப்பாளியின் நிதானம் அதில் இருக்கிறது. ஆனாலும் நான் இதில் ஸ்டால்மன் பக்கம். வாசிப்பு என்பது வாசகனிடத்தில் ஏதோ ஒன்றை நிகழ்த்த வேண்டும். மூலத்தைப் படிக்கலாம், அதற்கு உரை எழுதலாம், அதில் பிழை கண்டு திருத்தலாம், ஆனால் அந்தத் திருத்தம் நீ காசு கொடுத்து வாங்கி உன் கையில் வைத்திருக்கிற பிரதியில்கூடச் செல்லாது என்றால், அந்த வாசகன் நூலகத்தின் கண்ணாடிக்கு வெளியே நின்று புத்தகத்தின் அட்டையைப் பார்க்கிறவன்தான்.

என் போனின் பூட்லோடரைத் திறக்கக் கம்பெனி அனுமதித்தது. எல்லாக் கம்பெனியும் அனுமதிப்பதில்லை. ஹுவாவே 2018இல் திறவுகோல் எண் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. திறந்தபோது போனில் இருந்த அனைத்தும் அழிந்தன. அப்படித்தான் ஏற்பாடு, நகல் எடுத்து வைத்திருந்தேன். புது ரோம் ஓடியது. சில நாட்களில் என் வங்கியின் செயலி ஓட மறுத்தது. கணக்கு என்னுடையது, பணம் என்னுடையது, போன் என்னுடையது. ஆனால் வங்கியின் செயலி என்னைக் கேட்கவில்லை. இந்தப் போன் நம்பத்தக்கதா என்று கூகுளின் சேவையைக் கேட்டது. ஸேஃப்டிநெட் என்ற பெயரில் இருந்த சேவை அது, பிறகு அதன் இடத்துக்குப் பிளே இன்டெக்ரிட்டி வந்தது. கூகுள் சான்றளித்த அமைப்பு இல்லை என்று பதில் வந்தது. என் நண்பர் ஒருவரிடம் அதே மாடல் போன், கம்பெனி கொடுத்த ரோமோடு, 2020க்குப் பிறகு ஒரு ஓட்டையும் அடைக்கப்படாமல் இருந்தது. அதில் அதே செயலி சுகமாக ஓடியது. ஆக, கேட்கப்பட்ட கேள்வி இந்தப் போன் பத்திரமானதா என்பதே இல்லை. இதில் யாருடைய முத்திரை இருக்கிறது என்பதுதான்.

இது ஒரு ஆர்வலனின் சிணுங்கல் என்று தள்ளிவிடலாம். ஆனால் டீக்கடையில் பத்து ரூபாய் கொடுப்பது முதல் காஸ் சிலிண்டர் பதிவு வரை போனுக்குள் போய்விட்ட காலம் இது. நம் வீடுகளில் போன் கைமாறிக் கைமாறி வருகிறது. மகன் புதிது வாங்கினால் பழையது அம்மாவுக்கு. அம்மாவிடமிருந்து வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கு. கம்பெனி கைவிட்ட போன்கள் போய்ச் சேருகிற இடம் அதுதான். பழைய ரோமிலேயே இருந்தால் ஓட்டை, புதிய ரோம் போட்டால் வங்கி மறுக்கும். மூன்றாவது வழி புதுப் போன் வாங்குவது. அந்த மூன்றாவது வழிக்குத் தள்ளுவதில் யாருக்கு லாபம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்க்கட்சி வாதத்தையும் அதன் முழு பலத்தோடு சொல்லிவிட வேண்டும். பூட்டு வெறும் வியாபாரச் சூழ்ச்சி அல்ல. திறந்த பூட்லோடர் கொண்ட போன் திருடனிடமோ பொறாமைக்காரக் கணவனிடமோ போலீஸிடமோ அரை மணி நேரம் இருந்தால், உளவு பார்க்கும் நிரலைக் கெர்னலிலேயே வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட முடியும். போனின் சொந்தக்காரனுக்குத் தெரியாது. ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைச் சரிபார்க்கிற சங்கிலி இதைத் தடுக்கவே இருக்கிறது. திறக்கும்போது எல்லாம் அழிவதும், திருடியவன் திறந்து உள்ளே இருப்பதைப் படித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். பூட்டே வேண்டாம் என்கிறவர்கள், போனால் ஆபத்து வரக்கூடிய ஸ்திதியில் தாங்கள் இல்லை என்பதைத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே பிரச்னையைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். பூட்டு இருக்கட்டும், சாவி யாரிடம்? இது ஆகாசக் கேள்வி அல்ல. கூகுளின் சொந்த பிக்ஸல் போன்களில், ஒருவர் தான் தேர்ந்த ரோமின் சாவியைப் பதித்து, அதன் பிறகு பூட்லோடரை மறுபடி பூட்டிக்கொள்ள முடிகிறது. கிராஃபீன் ஓ.எஸ். என்கிற ரோம் இப்படித்தான் நிறுவப்படுகிறது. போன் எழும்போது மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கை வரும்: இது வேறு அமைப்பு, இதுதான் அதன் சாவியின் அடையாளம். சங்கிலி முழுதாக இருக்கிறது, சரிபார்ப்பும் நடக்கிறது, முத்திரை மட்டும் போன்காரன் தேர்ந்தெடுத்தது. பொறியியலில் இதற்குத் தடை இல்லை என்பது இதனால் நிரூபணமாகிறது. மற்றவர்கள் செய்யாமல் இருப்பது முடியாததால் அல்ல.

உலகம் இந்தக் கேள்வியைப் பக்கவாட்டில் தொட்டுத் தொட்டு விலகுகிறது. 2010 ஜூலையில் அமெரிக்காவில், தான் விரும்பிய மென்பொருளை ஓட்டுவதற்காக ஒருவர் தன் போனின் பூட்டை உடைப்பது காப்புரிமைச் சட்டப்படி குற்றமாகாது என்று விலக்கு அளிக்கப்பட்டது. அளித்த அதிகாரி யார் என்றால் அந்த தேசத்து காங்கிரஸ் நூலகத்தின் நூலகர். ஒரு நூலகர் இதைத் தீர்மானித்தார் என்பதில் எனக்கு ஒரு அலாதி திருப்தி உண்டு. ஆனால் உடைப்பது குற்றமல்ல என்பதற்கும் சாவி கொடு என்பதற்கும் தூரம் அதிகம். 2025 ஜூன் முதல் ஐரோப்பிய யூனியன், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 வருஷம் மென்பொருள் திருத்தங்கள் கிடைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. கூகுள் 2023இலும் ஸாம்ஸங் 2024இலும் தங்கள் உயர்விலைப் போன்களுக்கு 7 வருஷம் என்று அறிவித்தன. நல்லதுதான். இவை எல்லாம் மரண தேதியைத் தள்ளிப்போடுகின்றன. தேதியைக் குறிக்கிற கை மாறவில்லை. அதே 2025இல் கூகுள் ஆண்ட்ராய்டை உருவாக்கும் வேலை முழுவதையும் உள்ளே நகர்த்திக்கொண்டது. பதிப்பு முடிந்த பிறகே மூலம் வெளியே வருகிறது. ஜூனில் ஆண்ட்ராய்ட் 16இன் மூலத்தைக் கொடுத்தபோது, ரோம் செய்கிறவர்கள் அதுவரை நம்பியிருந்த பிக்ஸல் போன்களுக்கான கோப்புகளைக் கொடுக்கவில்லை. உரிமம் மீறப்படவில்லை. ஜன்னலைச் சாத்தினார்கள், அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியது சிறிய விஷயம். போன் விற்பனையில் இருக்கிறவரை, திருத்தங்கள் வந்துகொண்டிருக்கிறவரை, கம்பெனி தன் பூட்டையும் சாவியையும் வைத்துக்கொள்ளட்டும். கடைசித் திருத்தத்தோடு, இனி எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கைகழுவுகிற அன்று, சாவியை வைத்திருப்பவனிடம் கொடுத்துவிட வேண்டும். வங்கியும் அந்தச் சாவியை மதிக்க வேண்டும். செத்துவிட்டதாக நீங்களே அறிவித்த ஒரு பொருளின் வாசலில் நின்று காவல் காப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? கெர்னலின் பட்டியலில் எனக்கு எண் இல்லாமல் போகட்டும். அந்தப் பட்டியலைத் திருத்துகிற பேனா யாரிடம் இருக்கிறது என்று கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்க எனக்கு சம்மதமில்லை.